கழுவிப் போடச் சொன்னது நாந்தான்

இல்ல தங்கராசு அண்ணாச்சி, உங்க ஜீப்பு இஞ்சினை நான் வித்த பில்டர் திங்கல. டீக்கடைக்கு டீக்கடை வண்டிய நிப்பாட்டி அதையே சொல்லிட்டுத் திரியிறீங்க. காலேஜ் படிக்கிற பொம்பளப்புள்ளைக்கு இஞ்சினப் பத்தி என்ன தெரியும்னு வேற கேக்குறீங்க. தெரிஞ்சதத்தான் இந்த வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில எழுதுறேன். வாராவாரம் மொத ஆளா வந்து படிக்கிறது நீங்கதான, நிதானமாப் படிங்க.

மத்தவங்களுக்குச் சொல்லிர்றேன். போடிமெட்டுல எங்கப்பாவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மதுரையில படிக்கிற நான் லீவுக்கு லீவு கடையில நிப்பேன். அண்ணாச்சி பேச்சக் கேட்டு ஜீப்புக்காரங்கள்ல பாதிப்பேரு இப்ப கடையைத் தாண்டிப் போறாங்க. "இந்தப் பேச்சு அடங்குற வரைக்கும் நீ கடைப்பக்கம் வராத"ன்னு அப்பா சொல்லிட்டாரு. அதான் வீட்டுல உக்காந்து எழுதிட்டிருக்கேன். உங்கள்ல கடை வச்சிருக்கிறவங்களுக்கு என் பாடு தெரியும். சாமானை விக்கிறது பாதி வேலை, வித்த சாமானை வாங்குனவங்ககிட்டருந்து காப்பாத்துறது மீதி வேலை.

சாமான் என்னன்னா, காத்து பில்டர். மிலிட்டரி ஏலத்துல எடுத்த பழைய ஜீப்புகளுக்கு அசல் பில்டர் இப்பக் கெடைக்காது. அதுக்குப் பதிலா கோயமுத்தூர்லருந்து ஒண்ணு வருது. ஒரு கம்பிக்கூடு, அதுமேல ஸ்பாஞ்சு ஒறை. அழுக்கானா தூக்கிப் போட வேண்டாம். மண்ணெண்ணெயில கழுவணும், பிழியணும், நெழல்ல காய வைக்கணும், கொஞ்சம் இஞ்சின் ஆயில் தடவி மாட்டணும். நாலே நாலு வேலை. இந்த நாலையும் வரிசையாச் செஞ்ச ஆளை நான் இன்னும் பாக்கல.

மார்கழிக் குளுரு

உடும்பஞ்சோலை வர்க்கிச் சேட்டன் ஒருநாள் காலையில வண்டியத் தள்ளிட்டு வந்தாரு. தள்ளுனது நாலு பேரு, சேட்டன் ஸ்டியரிங்கு. ஸ்டார்ட் பண்ணா கரும்புகையாத் தள்ளிட்டு அணைஞ்சு போகுது. பில்டரைக் கழட்டிப் பாத்தா ஒறை முழுக்க வெள்ளையா மெழுகு மாதிரி ஒறைஞ்சு கெடக்கு. ஒரு பொட்டுக் காத்து உள்ள போக வழியில்ல.

தேங்காய் எண்ணெய். இஞ்சின் ஆயிலுக்குப் பதிலா, வீட்டுல அம்மிணி தலைக்கு வச்சிருந்த பாட்டிலக் கவுத்து ஊத்தியிருக்காரு. இந்தக் குளுர்ல தேங்காய் எண்ணெய் ஒறையும்னு மலையில பொறந்த மனுசனுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா? எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, "மோளே, தலைக்கு நல்லது, வண்டிக்கு மட்டும் ஆகாதுன்னா அது என்ன நியாயம்?"

ஆயுத பூசை

டிரைவர் குருசாமி மாமா பில்டர் வாங்கி ஒரு வருசம். கழுவுனீகளான்னு எப்பக் கேட்டாலும், "அது நல்லா இருக்கு தாயி"ம்பாரு. ஆயுத பூசையன்னைக்கு வண்டி கழுவுறப்பதான் அது வெளிய வந்துச்சு. சரி, இன்னைக்காவது குளிச்சுதேன்னு சந்தோசப்பட்டேன்.

மறுநாள் வண்டி ஏத்தத்துல ஏறலன்னு வந்து நின்னாரு. ஒறையைச் சுத்தி மூணு பட்டை சந்தனம், நடுவுல குங்குமம். காத்து போற ஓட்டையெல்லாம் சந்தனம் அடைச்சுக் கெடக்கு. "ஏன் மாமா இப்படி?"ன்னேன். அவரு ரொம்ப அமைதியாச் சொன்னாரு: "எல்லாப் பார்ட்டுக்கும் வச்சேன் தாயி, அது மட்டும் கோவிச்சுக்கிடக் கூடாதுல்ல."

ஏலக்கா ஸ்டோர்

மழைக்காலத்துல இங்க கட்டுன துணியே காயாது, பில்டர் எங்க காயும்? எஸ்டேட் டிரைவர் சேவியர் அண்ணன் யோசிச்சாரு. ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்ல சூடு இருக்கு. மண்ணெண்ணெயில கழுவுன எஸ்டேட் ஜீப்புங்க பில்டர் நாலையும் கொண்டு போயி ஏலக்காத் தட்டுக்கு மேல வரிசையாத் தொங்க விட்டுட்டாரு. பில்டர் பிரமாதமாக் காஞ்சிருச்சு.

ரெண்டு நாள் கழிச்சு எஸ்டேட் கங்காணி கடைக்கு வந்தாரு. மடியிலருந்து ஒரு கை ஏலக்காய எடுத்து என் மூக்குக்கிட்ட நீட்டுனாரு. மோந்து பாத்தா குப்புன்னு மண்ணெண்ணெய் வாடை. அவரு சொன்னாரு: "பாப்பா, இதப் போட்டு டீ குடிச்சா மனுசன் கியர் மாத்தித்தான் நடப்பான்."

முந்தாநாள் வந்த ஜீப்பு

இப்ப உங்க கதைக்கு வாரேன் அண்ணாச்சி. முந்தாநாள் போடியிலருந்து உங்க ஜீப்புலதான் வந்தேன், ஞாபகம் இருக்கும். முன்னாடி போற வண்டியெல்லாம் கெளப்புற புழுதி முகத்துல அப்புது. நாலாவது வளைவுல ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த நீங்க எறங்கி பானட்டைத் தெறந்தீங்க. நானும் எறங்கி எட்டிப் பாத்தேன். கம்பிக்கூடு மொட்டையா நிக்குது, ஒறையக் காணோம். அம்புட்டுப் புழுதியும் நேரா இஞ்சினுக்குள்ள போயிட்டிருக்கு. பிஸ்டன் ரிங்கு தேயாம வேற என்ன செய்யும்?

ஒறை எங்கன்னு கேட்டேன். நீங்க தண்ணி ஊத்துறதுலயே கண்ணா இருந்தீங்க. பதில் சொன்னது ஏலக்காத் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போக நம்மகூட ஜீப்புல வந்த முத்தக்கா. "அதுவா பாப்பா, கழுவாம அடைச்சுப் போயி வண்டி மேட்டுல இழுக்கலன்னு அண்ணாச்சி கழட்டிட்டாரு. டிரைவர் சீட்டுல ஸ்பிரிங்கு குத்துதுல்ல, அத மடிச்சு அடியில போட்டு உக்காந்துருக்காரு. ரெண்டு நோவுக்கும் ஒரே மருந்து."

வீட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சொன்னேன். "வயசுல மூத்தவரப் பத்தி அப்படியெல்லாம் பேசாத"ன்னாரு, அவ்வளவுதான். அதனால வார ஞாயித்துக்கெழமை, மாதா கோயில் பூசை முடிஞ்சு எல்லாரும் ஜீப்பு ஸ்டாண்டுக்கு வந்ததும் உங்க வண்டியக் கொண்டாந்து நிறுத்துங்க. நான் எங்கப்பாவக் கூட்டிட்டு வாரேன். இத்தன நாளா அந்த பில்டர் ஒறை எங்க இருந்துச்சுன்னு எல்லாருக்கும் முன்னாடி நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. ஆனா சீட்டுல உக்காந்துக்கிட்டே சொல்லக் கூடாது, எந்திரிச்சு நின்னு சொல்லணும்.