பாய் கடை சர்வரும் பேர் தெரியாத டிரைவரும்

லினக்ஸ் சர்வர் பார்க்கிற வேலையில மிஷின் சொல்றதை நம்பலாம், மிஷினைப் பத்தி மனுஷங்க சொல்றதை நம்பினா கெட்டோம். சக அவஸ்தைக்காரங்களே, இது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிய ரெண்டு நாள் ஆச்சு.

பெட்டியில் போட்டிருந்த பேர்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுல ஹமீது பாயோட மளிகைக் கடை. பில் போடுற நாலு கவுண்டரும் ஒரே சர்வரை நம்பி ஓடுது. கூட்டம் ஏறினா நெட்வொர்க் அறுந்துடும். அந்த சர்வரைப் பாத்துக்கிற கம்பெனியில நான் சேர்ந்து ரெண்டு மாசம், இன்னும் நிரந்தரம் ஆகல. பாய் கான்ட்ராக்டை நிறுத்தினா என்னையும் நிறுத்திடுவோம்னு பாஸ் சுத்தி வளைக்காம சொல்லிட்டாரு.

நெட்வொர்க் கார்டை ஓட்டுற சாஃப்ட்வேர், அதாவது டிரைவர்தான் கோளாறுன்னு பட்டுது. என்ன கார்டுன்னு கேட்டேன். பாய் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாரு. அதுல போட்டிருந்த மாடலுக்கான டிரைவரை ஏத்தினேன். மத்தியானமே மறுபடி அறுந்துச்சு. இந்தக் கார்டோட பெட்டிதானான்னு அப்புறம்தான் கேட்டேன்.

"அது பழைய மிஷினோடதுமா. பெட்டி நல்லா இருக்கேன்னு வச்சிருந்தேன்."

முதல்ல கண்ணுல பட்டது

மறுநாள் புக்கிட் பாத்தோக்லேர்ந்து ரயில்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன், இன்னிக்கு மிஷின்கிட்டயேதான் கேக்கணும். உள்ள என்னென்ன கார்டு இருக்குன்னு மிஷினே லிஸ்ட் போடுற lspci -k கட்டளையை அடிச்சேன். கார்டு பேரும் ஓடுற டிரைவர் பேரும் வந்துச்சு. அந்த டிரைவரைப் புதுசாக்கினேன். பதினோரு மணிக்கே அறுந்துச்சு. எங்க சீனியர் ரமணி அக்கா, யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவங்களுக்குப் போன் பண்ணி, வந்த லிஸ்டை முழுசா வாசிச்சேன்.

"இதிலை ரெண்டு கார்டெல்லோ கிடக்கு. நீர் மேலை கிடக்கிறதை மட்டும் பார்த்திருக்கிறீர். வயர் எதிலை கொழுவியிருக்கு?"

சிமிட்டிய துளை

கார்டோட விளக்கைச் சிமிட்ட வைக்க ஒரு கட்டளை இருக்கு. மேல இருந்த கார்டுக்கு அதை அடிச்சுட்டு, மிஷினுக்குப் பின்னால தவழ்ந்து போய்ப் பார்த்தேன். வயரே இல்லாத துளை ஜோரா சிமிட்டுது. மானம் போச்சு. ஆனா விடுறதா இல்ல. வயர் இருந்த கார்டுல எந்த டிரைவர் ஓடுதுன்னு கேக்க ethtool -i அடிச்சேன். எப்பவோ யாரோ ஏத்தின பழைய டிரைவர் ஓடிட்டிருந்துச்சு. அதைத் தடுத்துட்டு, லினக்ஸோட கூடவே வர்ற டிரைவரை ஏத்தினேன்.

மறுநாள் ஞாயிறு. கடையில கால் வைக்க இடமில்ல. நான் கவுண்டர் பக்கத்துலயே நின்னேன். ஒரு தடவைகூட அறுகல. கூட்டம் கலைஞ்சதும் பாய் என் முன்னாலயே பாஸுக்குப் போன் போட்டாரு.

"அடுத்த வருஷமும் உங்க கம்பெனிதான். ஆனா இந்தப் பொண்ணைத்தான் அனுப்பணும் லா."

அன்னிலேர்ந்து கடையில ஃபேன் நின்னாலும் எனக்குத்தான் போன் வருது, அதுக்கு lspci வேலை செய்யாதுன்னு பாய்கிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்.