முருங்கை மரமும் சிதம்பரத்துச் சம்பந்தமும்

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஐந்தடிச் சுவர். சுவரை ஒட்டி என் பக்கம் ஒரு முருங்கை மரம். வேர் என் மண்ணில், காய் பாதி அவர் வாசலில், கம்பளிப்பூச்சி முழுக்க அவர் சுவரில். எட்டு வருடம் நாங்கள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைக்குக்கூட டேப்போடுதான் வருவார். ஒரு மழைக்காலத்தில் சுவர் மேல் டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "சார், ஒங்க கெளை எங்க பக்கம் மூணடி ரெண்டு இஞ்ச் வந்திருக்குது. பூச்சி ஜாஸ்தியா இருக்குது, வெட்டிடுங்க" என்றார்.

நான் கணக்கு வாத்தியார். விடுவேனா? "வளைஞ்ச கெளைய நேரா அளந்தா எப்பிடி சார் கணக்கு வரும்?" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. முதலில் நிறுத்தியது யார் என்பதில் இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு.

அதற்குப் பிறகு அவர் வீட்டம்மா என் மனைவியிடம் சொல்லி அனுப்புவார். என்னிடம் காரணத்துக்கா பஞ்சம்? பூ விட்டிருக்கிறது என்பேன். அடுத்த முறை பிஞ்சு என்பேன். அதற்கும் அடுத்த முறை எனக்கு முதுகு வலி. உண்மையில் மரத்தின் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. அவர் சொல்லி நான் வெட்டுவதா என்ற வீம்புதான்.

இந்த நிலையில் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினோம். இரண்டு இடம் கூடிவந்து கலைந்தது. மூன்றாவது சிதம்பரம். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அவன் போட்டோவைப் போனில் திரும்பத் திரும்பப் பார்த்ததை என் மனைவி கவனித்திருக்கிறாள். இதுவும் கலைந்தால் பெண் உடைந்துபோவாள் என்று இருவருக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை தரகர் போன் செய்தார். "சார், ஞாயித்துக்கெழம அவுங்க கடலூர் வர்றாங்க. ஒங்க வூட்டுக்கு இல்ல. அக்கம்பக்கத்துல விசாரிச்சிட்டுப் போவாங்க. பையனோட அப்பா அதுல ரொம்ப கறார். பக்கத்து வூட்டுல நல்லாத்தான பழகுறீங்க?"

"ரொம்ப" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் இருந்தாலும் பதினொன்றாவது பொருத்தம் பக்கத்து வீட்டுக்காரர் வாயில்தான் இருக்கிறது. எனக்கு வாய்த்ததோ அந்த ஒரே பக்கத்து வீடு. மறுபக்கம் காலி மனை. அங்கே மேயும் ஆட்டிடம் யாரும் விசாரிக்கப் போவதில்லை.

"போயி ஒரு வார்த்த மன்னிப்பு கேளுங்க" என்றாள் மனைவி.

"கெளைய வெட்டிடுறேன். அதவிட என்னா மன்னிப்பு?"

சனிக்கிழமை காலை ஏணி போட்டு, அரிவாளோடு ஏறினேன். கயிறு கட்டி இறக்க ஓர் ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அவசரக்காரனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? நாலே வெட்டு. கிளை சடசடவென்று முறிந்து அவர் வாசலில் போய் விழுந்தது. போகிற போக்கில் அவருடைய மாடித் தொட்டிக் குழாயையும் உடைத்துக்கொண்டு போனது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அவர் காபி டம்ளரோடு வெளியே வந்தார். குழாயைப் பார்த்தார். ஏணி மேலிருந்த என்னைப் பார்த்தார்.

"கெளைய வெட்டிட்டேன் சார்" என்றேன். எட்டு வருடத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"தெரியுது" என்றார்.

பிளம்பரைக் கூட்டிவந்து குழாயைச் சரிசெய்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக் கார் அவர் வீட்டு வாசலில் நின்றது. பையனின் அப்பாவும் அம்மாவும் உள்ளே போனார்கள். ஐந்து நிமிட விசாரணை முக்கால் மணி நேரம் ஆனது. நான் சுவரோரம் நின்று, காய்ந்த துணியையே எடுத்து எடுத்து மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் காதில் விழவில்லை. நடுவில் டேப் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டதாக நினைவு. வெளியே வந்தவர்கள் எங்கள் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறினார்கள்.

"போயிட்டாங்களாப்பா?" என்று மகள் உள்ளிருந்து கேட்டாள். என் வீம்புக்கு இவள் ஏன் பலியாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் தரகர் போன் செய்து, அவர்களுக்கு முழுச் சம்மதம் என்றார். என்னால் நம்பவே முடியவில்லை. இரண்டு மாதம் பொறுத்து, சிதம்பரத்தில் நிச்சயதார்த்தத்தன்று, சம்பந்தியைத் தனியே பிடித்து, "அன்னிக்கு எங்க பக்கத்து வூட்டுக்காரரு என்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "'பிடிவாதக்கார மனுசன், எட்டு வருசமா ஒரு கெளைய வெட்டல, நேத்து வெட்டி எங்க கொழாய ஒடச்சாரு'ன்னாரு. டேப்ப வெச்சி அளந்தும் காட்னாரு. நமக்கு இந்த எடம் வேணாம்னு எழுந்துட்டோம்."

"அப்பறம்?"

"'ஒக்காருங்க, ஒங்க பையன் கட்டிக்கப்போறது அவர இல்ல'ன்னாரு. மழைக்காலத்துல தெனம் விடியறப்ப ஒங்க பொண்ணு தொடப்பத்த எடுத்துக்கிட்டு அவுங்க வூட்டுக்குப் போயி, செவுத்துல இருக்குற பூச்சியெல்லாம் தட்டி அள்ளிப் போடுமாம். 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா'ன்னு கேட்டுக்குமாம். ஸ்கூல்ல படிக்கிறப்பலேர்ந்து."

மழைக்காலத்தில் அவள் கையெல்லாம் தடித்துச் சிவந்திருக்கும். அலர்ஜி என்பாள். நானும் டாக்டரிடம் கூட்டிப்போய், வருடா வருடம் சோப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பந்தியில் பக்கத்து வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன். சாம்பார் வந்தது.

"வெட்டுன எடத்துல மரம் திரும்பவும் துளுத்துடுச்சி சார்" என்றார் அவர், இலையைப் பார்த்தபடியே. "பொண்ணு இங்க வந்துடும். இனிமே யாரு வந்து பூச்சி தட்டுறது?"

"நான் வர்றேன்" என்றேன்.