மேகத்துக்கு உபயம்

கோயில் டியூப் லைட்டில் தன் பேர் எரிவதைப் பார்த்தால்தான் என் வீட்டுக்காரருக்குச் சாமி கும்பிட்ட திருப்தி வரும். ராஜபாளையத்தைச் சுற்றி அவர் உபயம் செய்யாத சாமான் இல்லை. தண்ணீர் டிரம், சுவர்க் கடிகாரம், பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு எவர்சில்வர் வாளி, எல்லாவற்றிலும் பேர் உண்டு. ஒரு பஜனை மடத்துக்குக் கொடுத்த ஃபேனில் இறக்கைக்கு இறக்கை எழுதிவைத்தார். சுற்றும்போது எவன் படிப்பான் என்று கேட்டேன். கரண்ட் போகும்போது படிப்பான் என்றார். இந்த மனுஷனோடுதான் இத்தனை காலமாகக் குப்பை கொட்டுகிறேன்.

எங்களுக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட் இருக்கிறது. போன வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு பெண் அங்கே வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் கண்மாயை ஒட்டி இருக்கிற தென்னந்தோப்பில் வெள்ளைத் துணிகளைத் தொங்கவிட்டு, கீழேயிருந்து லைட் அடிக்கப் போகிறாளாம். மலையிலிருந்து மேகம் இறங்கி வந்த மாதிரி இருக்குமாம். சாயங்காலத்தில் யார் வேண்டுமானாலும் சும்மா வந்து பார்க்கலாம். அதற்குத் துணி வேண்டும் என்றாள். என் வீட்டுக்காரருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, ஆனால் பேர் போடுவீகளா என்று மட்டும் தெளிவாகக் கேட்டார். மேகத்தில் எப்படிப் பேர் எழுத முடியும் சார், வாசலில் நன்றி போர்டு வைக்கிறோம் என்றாள். போர்டா என்று முகத்தைச் சுளித்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். அந்த யோசனைதான் வினை.

எங்கள் ஷெட்டில் நெய்கிற ஒவ்வொரு துணியின் முனையிலும் அவர் பேர் பெரிய அச்சில் விழும். நெசவு கெட்டுப்போன துணியாக இருந்தால், அந்தப் பேருக்குக் கீழேயே நீல மையில் கொட்டை எழுத்தில் ‘டேமேஜ்’ என்று எழுதிவிடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற நல்ல சரக்கோடு கலந்துவிடக் கூடாது அல்லவா. தோப்புக்கு அவர் எடுத்து வைத்தது பூராவும் அந்தச் சரக்கு. கொடுப்பதுதான் கொடுக்கிறீர்கள், நல்லதாகக் கொடுங்களேன் என்றேன்.

“புண்ணுலயா கட்டப் போறாக? மரத்துல தொங்கவிடத்தானட்டி போறாக” என்றார்.

பொறவு ஆட்களைக் கூப்பிட்டு, டேமேஜ் என்று இருக்கிற முனையெல்லாவற்றையும் கிழித்துவிடச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, என் பேர் இருக்கிற இடத்தில் மட்டும் எவனும் கை வைக்கக் கூடாது என்று ஒரு அதட்டலும் போட்டார். ஆட்கள் என்ன செய்வார்கள், ஒரு துணியிலும் கை வைக்கவில்லை.

அந்தச் சமயம் என் மகளுக்கு வத்திராயிருப்பில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். நல்ல இடம், மாந்தோப்பு வைத்திருக்கிறவர்கள். மகளுக்கும் பையனைப் பிடித்துப்போய், போனைக் காதிலிருந்து இறக்குவதே இல்லை. நாள் குறிப்பதுதான் பாக்கி. பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் அவர்களிடம், எங்கள் சரக்கில் ஒரு குறை கண்டுபிடித்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சவால் விட்டிருந்தார். இப்போது போன் போட்டு, வாங்க சம்பந்தி, ஆகாசத்தில் என் பேர் எரியப் போகிறது, பார்த்துவிட்டு அப்படியே நாளையும் குறித்துவிடலாம் என்று வேறு அழைத்துவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் தோப்புக்குப் போனால் திருவிழாக் கூட்டம். யாரோ ஒருத்தர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட, பின்னால் வந்தவர்களும் கழற்றிப்போட்டு ஒரு செருப்பு மலையே கிடந்தது. இந்தப் பக்கமாகச் சுற்றுவதா அந்தப் பக்கமாகச் சுற்றுவதா என்று ஒரு அம்மாள் என்னிடம் விசாரித்தாள். நானும் பெரிய இவள் மாதிரி, வலமாகவே சுற்றுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் உள்ளே நுழைந்ததும் கேலியெல்லாம் மறந்துபோனது. நாம் நடக்க நடக்க ஒவ்வொரு துணியாக வெளிச்சம் ஏறியது. நூல் விட்டுப்போன ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பொத்துக்கொண்டு வந்து தென்னை மட்டையெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. தினமும் பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டும் திட்டிக்கொண்டும் நான் மடிக்கிற துணியா இது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் மேகத்தையா பார்த்தார்? கழுத்தை நீட்டிக்கொண்டு தன் பேரைத் தேடினார். கடைசித் துணியில் மட்டும் பேர் போட்ட முனை கீழே தொங்கியது. நாங்கள் பக்கத்தில் போனதும் லைட் எரிந்தது. அவர் பேர் அம்புட்டு அழகாகத் தெரிந்தது. அதற்குக் கீழே, அதைவிட அழகாக, டேமேஜ்.

மனுஷனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தி வீட்டார் நாலு துணி தள்ளி வந்துகொண்டிருந்தார்கள். சம்பந்தி படம் எடுக்கப் போனைக் கையில் பிடித்திருந்தார். ஊர் படித்துவிட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும். இவர்கள் படித்தால் இவர் பேச்சை இனி எந்த நம்பிக்கையில் கேட்பார்கள், என் மகள் கல்யாணம் என்ன ஆகும்? நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துணிக்குப் பின்னால் ஓடினேன். லைட்டுக்கும் துணிக்கும் நடுவில் நின்றேன். என் நிழல் விழுந்து எழுத்து மறைந்தது.

“எம் பேரையும் சேத்து மறைக்கியே, செத்த குனி” என்று முன்னாலிருந்து முணுமுணுத்தார்.

அந்த நேரத்திலும் பேர். முழங்கால் வலியோடு, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி பாதி குனிந்து நின்றேன். கண்மாய்க் கொசு ஒன்று பாக்கி இல்லாமல் என் காலுக்கு வந்து சேர்ந்தது. முன்பக்கம் என் வீட்டுக்காரர், சரக்கு எப்படி என்று கேட்டுக்கொண்டு மீசையைத் தடவியிருப்பார். சம்பந்தி, அப்படியே நில்லுங்கள் என்றார். சீக்கிரம் எடுத்துத் தொலையுங்களேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டில் துணியை விலக்கிக்கொண்டு சம்பந்தியம்மா வந்தாள்.

என்னைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து என்னைப் போலவே குனிந்தாள்.

“கொஞ்சம் தள்ளுங்க மதினி. அந்த ஓரத்துல ‘டே’ மட்டும் தெரியுது.”

நான் தள்ளிக்கொண்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

“எங்க வீட்டு அவிய மாம்பழக் கூடைக்கு அடியில என்னத்தப் போட்டு அனுப்புவாகன்னு நெனைக்கீக?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும் வந்தது. சத்தம் வெளியே போகக் கூடாதே என்று ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு குலுங்கினோம். முன்னால் சம்பந்தி, மேகம் அசைகிறது என்று ஆச்சரியப்பட்டார்.

அந்தப் படத்தை என் வீட்டுக்காரர் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறார். நடுவில் அவர், தலைக்கு மேல் அவர் பேர், தோளுக்குப் பின்னால் கறுப்பாக இரண்டு மேடு. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் மேற்குத் தொடர்ச்சி மலை என்கிறார். மதினி வரும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம்.