பூசாத வீடு

அறுபதுகளில் நான் சிதம்பரத்தில் ஓவர்சியர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் ஊர் வீட்டைப் போலவே கட்டியிருந்த செங்கல் மாடிவீட்டை ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் வாங்கியிருந்தார். யோசனை கேட்க என்னை அழைத்தார்.

குள்ளமான மனிதர், சட்டையில்லாத உடம்பு, தோளில் துண்டு. பேச்சுக்கு நடுவே சுவரைக் கட்டைவிரலால் தேய்த்து, செங்கல் தூள் ஒட்டிச் சிவந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

நீளக்கல் ஒன்று, குறுக்குக்கல் ஒன்று என மாற்றி மாற்றி அடுக்கிய சுவர் அது. ஜன்னல் வளைவுகளில் ஒரு கல்கூடப் பிசகவில்லை. அதன்மேல் சிமெண்டு பூச வேண்டுமாம்.

"வீட்டுக்கு அழகே இந்தக் கல்லுதாங்க," என்றேன்.

"அழகு கெடக்கட்டும் சார். பொண்ணு பாக்க வந்தவங்க, வேலை பாதியில நின்னுபோச்சான்னு கேக்குறாங்க. பூசாத வீட்ல எவன் சார் சம்பந்தம் பண்ணுவான்?"

பூசினால் திரும்ப உரிக்க முடியாது என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நம்பி பஸ் ஏறினேன்.

மகள் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். போய்ப் பார்த்தால் வீடு முழுக்கச் சிமெண்டுப் பூச்சு. அதன்மேல் செங்காவி அடித்து, சுண்ணாம்பால் கட்டம் கட்டமாகக் கோடு வேறு.

"நீங்க ஆசப்பட்டீங்களேன்னு செங்கல்லு மாதிரியே போடச் சொன்னேன் சார். பழசவிட எடுப்பா இல்ல?"

பழக்கதோஷத்தில் அவர் கை சுவரைத் தேய்த்தது. விரல் அப்போதும் சிவந்துதான் வந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவசரமாகத் துண்டில் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், பந்தி போட்டாச்சு," என்றார்.