தையல்காரர் வீட்டில் எடுத்த பேட்டி

இது கதை இல்லை. உட்கார்ந்து கதை எழுதும் அளவுக்கு எனக்குப் பொறுமையும் கிடையாது. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று கத்துவதுதான் என் பிழைப்பு. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் "போய் வேற வேலை இருந்தா பாருங்க" என்று விரட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்தது.

முதலில் என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் இந்த வருடத் தொடக்கத்தில் இறந்துபோனான். காலையில் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனவன். மத்தியானம் போன் வந்தது. அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லாத அண்ணியை நான் என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். வந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். "சாப்பிடுங்க" என்றால் சாப்பிடுவாள். "படுங்க" என்றால் படுப்பாள். வேறு ஒன்றும் இல்லை. நானும் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அண்ணனைத்தான் பறிகொடுத்தாயிற்று, இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அதனால்தான் அவளை வட்டார வரலாற்றுக் கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நூலக மாடியில் ஒரு அறை, இரண்டு பீரோ, இஷ்டப்பட்டால் சுற்றும் ஒரு மின்விசிறி. பழைய போட்டோக்களில் இருப்பவர் யார் என்று விசாரித்து எழுதி வைப்போம். வயதானவர்களிடம் பேட்டி எடுத்துப் பதிவு செய்வோம். இடிக்கப்போகிற வீடுகளைப் படம் எடுப்போம். சம்பளம் கிடையாது. டீ உண்டு, அதுவும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

கழகச் செயலாளர் ஓய்வுபெற்ற சர்வேயர். எதைச் சொன்னாலும் "எந்த வருஷம்?" என்று கேட்பார். நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அதுதான். முதல் நாள், அண்ணியின் கணவர் இறந்துவிட்டார் என்று நான் சொன்னதும் மனுஷர் பழக்க தோஷத்தில் "அடடா... எந்த வருஷம்?" என்று கேட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி அவரையே பார்த்தாள். "இந்த வருஷம்தாங்க" என்றாள். பிறகு சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. அந்த மனுஷர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

அன்றிலிருந்து ஒலிப்பதிவு அண்ணியின் வேலை. கேள்வி கேட்பது நான்.

எங்கள் கழகத்தில் அதற்குச் சில விதிகள் உண்டு. வீட்டு மனிதரை வீட்டில் வைத்துத்தான் பேச வைக்க வேண்டும். மைக் ஒரு அறையில், பதிவுக் கருவி அடுத்த அறையில். மூச்சு விடும் சத்தம்கூடக் குறுக்கே வரக் கூடாது என்பதற்காக. முதலில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல், வீட்டின் சத்தத்தை மட்டும் பதிவு செய்வோம். அதன் பிறகு பேட்டி.

நான் சொல்லவந்த அந்த நாளில் ஒரு தையல்காரரின் முறை. மேம்பாலம் கட்டுவதற்காக ஒரு தெருவையே இடிக்கப்போகிறார்கள். எல்லாரும் காலி செய்துவிட்டுப் போயாகிவிட்டது. "மூணு மணிக்கு அவர் வீட்டுக்கே வந்துடுவார்" என்று சொல்லி செயலாளர் சாவியைக் கொடுத்தார். நானும் அண்ணியும் இரண்டு மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனோம்.

மணி மூன்று. தெருவில் ஈ காக்கை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கதவைத் திறந்தால் முன்னறை, அதை ஒட்டி ஒரு உள்ளறை. அவ்வளவுதான் வீடு. தரை முழுக்கத் தூசி. தையல் மெஷின் நின்ற இடத்தில் மட்டும் நான்கு கால் தடம்.

உள்ளறையில் ஒரு மர நாற்காலி கிடந்தது. சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. கையெட்டும் தூரத்தில் வெறும் சுவர். யாராவது இப்படிப் போடுவார்களா? அதன் மேல் மட்டும் தூசியே இல்லை.

"நல்லதாப் போச்சு. எனக்கு நாற்காலி கெடைச்சுது" என்றாள் அண்ணி. கருவியை மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்தாள்.

"திருப்பிப் போட்டுக்கோங்களேன்."

"இருக்கட்டும்டி. இங்க சில்லுன்னு இருக்கு."

ஆமாம். முன்னறை அடுப்பு மாதிரி கொதித்தது. உள்ளறை சில்லிட்டுக் கிடந்தது. ஜன்னல் கிடையாது, கரண்ட்டும் இல்லை. பழைய கட்டடம் இப்படித்தான் இருக்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முன்னறையில் மைக்கை நிறுத்தினேன். எனக்கு ஒரு மடக்கு நாற்காலி. எதிரே தையல்காரருக்கு ஒன்று. மைக் வயர் போவதற்காக நடுக்கதவை ஒருக்களித்து வைத்தேன். மணி மூன்று பத்து. தையல்காரர் வரவில்லை.

"அதுக்குள்ள அந்த ஒரு நிமிஷத்தை எடுத்துடலாம்" என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

அசையாமல் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில்... "நடக்காதேடி. சத்தம் விழுது."

நான் நடக்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தேன். எலியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் முடிந்தது.

சும்மா இருந்தேனா நான்? அதுதான் இல்லை. அண்ணியைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எப்போதும் ஏதாவது கோமாளித்தனம் செய்வேன். அன்றும் காலி நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினேன். வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். மைக்கைச் சோதித்த மாதிரியும் ஆயிற்று.

"வணக்கம்ங்க. உங்க பேரு?"

பதில் வருவதற்கு இடம் விட்டேன். நிஜப் பேட்டி மாதிரியே.

"இந்த வீட்ல எவ்வளவு காலமா இருக்கீங்க?"

இடம் விட்டேன்.

"உங்ககூட வேற யாரெல்லாம் இருக்காங்க?"

உள்ளேயிருந்து அண்ணியின் குரல். "கொஞ்சம் மைக் பக்கமா வந்து பேசச் சொல்லு. தேஞ்சு கேக்குது."

பரவாயில்லையே, அண்ணியும் கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷம்.

"ஐயா, மைக் பக்கமா வந்து பேசுவீங்களாம்" என்றேன், காலி நாற்காலியிடம்.

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

மடக்கு நாற்காலி. சில சமயம் அப்படித்தான் சத்தம் போடும்... என்று சொல்லிக்கொண்டேன்.

உள்ளே அண்ணி, "ம்" என்றாள்.

நான் எதுவும் கேட்கவில்லை.

"ம்... ம்..."

யாராவது பேசும்போது நடுநடுவே போடுகிற 'ம்'.

"அண்ணி?"



"அய்யோ... அப்புறம்?" என்றாள் அண்ணி. குரல் தழுதழுத்தது. என்னிடம் அல்ல.

எழுந்து ஓடினேன். நான் ஒருக்களித்து வைத்த கதவு மூடியிருந்தது. வயர் கதவிடுக்கில் நசுங்கிக் கிடந்தது. தோளால் மோதித் திறந்தேன்.

அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தோளைத் தொட்டேன். ஐஸ்.

"யாரு அண்ணி? யாரு பேசறா?"

"உங்கண்ணன்."

ஹெட்போன் வயரைக் கருவியிலிருந்து பிடுங்கினேன்.

வயர் என் கையில் தொங்கியது.

"ம்" என்றாள் அண்ணி.

ஹெட்போனையே பிடுங்கி எறிந்தேன்.

"ம்... சொல்லுங்க..."

"அண்ணி! எந்திரிங்க! போலாம்!"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இத்தனை வருடத்தில் என்னை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. எரித்துவிடுகிற பார்வை.

"ஏன்டி குறுக்க வர்ற? இங்கயே இருக்கச் சொல்றார். பேச நிறைய இருக்காம்."

முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

இந்த முறை, யாரோ எழுந்திருக்கிற சத்தம்.

அப்புறம் ஒரு காலடி.

இன்னொன்று.

அண்ணியைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். அவள் நாற்காலிக் கைகளை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். என் கையில் நகத்தால் கீறினாள். எப்படித் தூக்கினேன், தெரியாது. எங்கிருந்து பலம் வந்தது, தெரியாது.

முன்னறையைத் தாண்ட வேண்டும்.

தரையைப் பார்த்தே நடந்தேன். ஆனாலும் கண்ணில் பட்டது...

மைக்கைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலி, உள்ளறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

தெருவுக்கு வந்து விழுந்தோம்.

இருட்டு.

போனை எடுத்துப் பார்த்தேன். மணி ஏழு இருபத்தைந்து. உள்ளே இருந்தது கால் மணி நேரம்கூட இருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், கால் மணி நேரம்கூட இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி குளித்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். நான் விளக்கைப் போட்டுக்கொண்டு விடிய விடிய அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். குழந்தை மாதிரி தூங்கினாள்.

காலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தையல்காரர் இப்போது வைத்திருக்கும் கடைக்குப் போனேன். போகும்போதே செம கோபம். "மூணு மணிக்கு வரேன்னு சொல்லிட்டு எங்க போனீங்க?" என்று எடுத்த எடுப்பில் பொரிந்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் கடைக்கு வாங்கன்னுதானேம்மா சொன்னேன்? வீட்டைப் படம் எடுக்கத்தான் சாவி குடுத்தேன். பேட்டி வீட்லதான் எடுக்கணும், அது எங்க விதின்னு உங்க செயலாளர் அடம் பிடிச்சார். நான் முடியவே முடியாதுன்னு சொல்லிட்டேன். எப்படியும் வந்துடுவேன்னு நெனச்சுட்டார் போல."

"ஏன் முடியாது?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "யாராவது உள்ரூம்ல உக்காந்தீங்களா?"

நடந்ததைச் சொன்னேன்.

"எங்கப்பா போனதும் எங்கம்மா அந்த ரூமை விட்டு வெளிய வரல. சுவத்தைப் பார்த்தே உக்காந்திருப்பாங்க. அப்பா பேசறார், அப்பா பேசறார்னு ஒரே சந்தோஷம். சாப்பிடக் கூப்பிட்டா கோவம். தூக்கிட்டு வந்தா திரும்ப ஓடிடுவாங்க. அப்படியே எலும்பும் தோலுமா ஆகி, அங்கயே உயிரை விட்டாங்க."

"அப்பா மேல அவ்வளவு பிரியம் போல" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கப்பாவுக்கு வாய் பேச வராதும்மா. பொறந்ததுலருந்தே. ஒரு வார்த்தை பேசினதில்ல. அம்மாகிட்ட நான் அதைச் சொல்லிக் கத்தினேன். 'இப்பதான்டா அவருக்குப் பேச்சு வந்திருக்கு, நான் கேக்காம வேற யார் கேப்பா'ன்னாங்க."

சாவியை மேஜையில் வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வீடு வரைக்கும் ஓடினேன்.

அண்ணி சமையலறையில் இருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அண்ணன் இருந்தபோது பார்த்த அதே அண்ணி. இந்த முகத்துக்காகத்தானே இத்தனை மாதம் நான் தவித்தேன்... சொல்ல மனசு வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது அண்ணன் இல்ல, அண்ணி. சத்தியமா அண்ணன் இல்ல."

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"அவர் இல்லன்னு. அவர் என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. இது கூப்பிடுது." அண்ணி சிரித்தாள். "ஆனா குரல் அவரோடதுடி. எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனாள்.

கதவு மூடிக்கொண்டது. அவள் கை கதவில் படவே இல்லை.