நான் அடைத்த மழைநீர்த் துளை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதக் கடைசியில், ஏற்காட்டுக் கடைவீதிச் சரிவில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடை வாசலில் நடந்தது இது. ஜெராக்ஸ் எடுப்பது என் தொழில். மனு எழுதிக் கொடுப்பது என் பெருமை. பட்டா, ரேஷன் கார்டு, தெருவிளக்கு என்று எது கேட்டும் மனு எழுதுவேன், அதுவும் இங்க் பேனாவில்தான். பால்பாயின்ட் பேனாவில் எழுதுவது எழுத்தே இல்லை என்பது என் கொள்கை. ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு இப்படி இரண்டொரு கொள்கையாவது இல்லாவிட்டால் வீட்டில் மதிப்பிருக்காது. இருந்தும் இல்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் சரிவுக்கு நடைபாதை கேட்டு மனு எழுதியதும் நான்தான். 'மழைநீர் வடிகாலுடன் கூடிய நடைபாதை' என்று எழுதினேன். வடிகால் மேல் எனக்குத் தனி அக்கறை எதுவும் இல்லை. வெறும் நடைபாதை என்று முடித்தால் வாக்கியம் சப்பென்று இருந்தது, அவ்வளவுதான். ஆச்சரியம், கேட்டபடியே வந்தது. சாலையோரம் அரையடி உயரத்தில் நடைபாதை, அதன் அடியில் மூடிய வடிகால். சாலையில் ஓடிவரும் தண்ணீர் உள்ளே இறங்குவதற்கு விளிம்புக் கல்லில் பத்தடிக்கு ஒரு துளை. ஒன்றரை அடி அகலம், ஒரு சாண் உயரம்.

அதில் ஒன்று சரியாக என் கடைப் படிக்கு நேரே அமைந்துவிட்டது. சுற்றுலா வந்தவர்கள் மக்காச்சோளச் சக்கையை அதில் போட்டார்கள், டீ கப்பைப் போட்டார்கள். பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் செய்தித்தாளைப் படித்துக்கொண்டே சாலையைக் கடந்து வந்தபோது என் இடது கால் அதற்குள் போய்விட்டது. கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை. எதிரே ஜீப்புக்குக் காத்திருந்த மஞ்சக்குட்டை கிராமத்து ஜனம் மொத்தமும் பார்த்தது. துளையை அடைத்துவிடுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

நடைபாதை வேலை இன்னும் சரிவில் கீழே நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் டீயைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அடைக்கக் கூடாதுங்க சார். தண்ணி எறங்கறதுக்குத்தானுங்க அத வெச்சதே."

"இந்த ஒண்ணுதானுங்க மேஸ்திரி. மத்ததெல்லாம் இருக்குதுல்ல?"

"இஞ்சினியரு கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"வாய்ல சொன்னா ஆகாதுங்க. எழுதிக் குடுங்க."

எழுதுவதற்கு என்னை இரண்டு முறை கேட்க வேண்டியதில்லை. 'என் வேண்டுகோளின் பேரிலும் முழுப் பொறுப்பிலும்' என்று தொடங்கி, நீல மையில், சுழித்துச் சுழித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. என் வாசல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று உள்ளே நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எனக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் வேகமாகக் கடந்து போனது. எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை. கீழே கூச்சல் கேட்டபிறகுதான் யோசித்தேன்.

மூன்று கடை தள்ளி, சாலை திரும்பும் இடத்தில், பாயின் தையல்கடை. இருபது வருடப் பழக்கம். அவர் கடைத் தரை நடைபாதையைவிட ஒரு படி தாழ்வு. என் துளையில் இறங்க வேண்டிய தண்ணீரும் சேர்ந்து அடுத்த துளைக்குப் போயிருக்கிறது. அந்தப் பாரத்தை அது தாங்கவில்லை. சேர்ந்த தண்ணீர் சருகையும் சக்கையையும் தள்ளிக்கொண்டு போய், திருப்பத்தில் திரும்பாமல், விளிம்புக் கல் மேல் ஏறி நேராகக் கடைக்குள் புகுந்துவிட்டது. நான் ஓடியபோது பாய் முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டிருந்தார். அத்தனையும் பள்ளிக்கூடச் சட்டைகள். மலைச் செம்மண் அப்பிக் கிடந்தது.

"நாகலூர் எஸ்டேட்டுப் புள்ளைங்க துணிங்க சார். நாப்பத்திரண்டு உருப்படி. திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்கறாங்க. வெள்ளச் சட்டைங்க சார்!"

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தொப்பலாக நனைந்து வந்து நின்றார். பாய் அவர் மேல் பாய்ந்தார்.

"என்னங்க மேஸ்திரி வேல இது? கண்ண மூடிட்டா கல்லு வெச்சீங்க?"

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து என் காகிதத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். ஒரு வாரமாக வியர்வையிலும் மழையிலும் ஊறிய காகிதம். ஓர் எழுத்துகூட இல்லை. நீலமாக ஒரு கறை மட்டும் இருந்தது.

"இதென்னங்க, புள்ளைங்க கிறுக்குனாப்புல?" என்றார் பாய்.

மேஸ்திரி காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். ஓரமாகக் கிடந்த சிமெண்டுச் சட்டியை எடுத்துக் கடைக்குள் நின்ற தண்ணீரை மொண்டு வெளியே ஊற்ற ஆரம்பித்தார்.

பாய் என் பக்கம் திரும்பினார். "சார், மொதல்ல ஒரு மனு எழுதுங்க. இந்தாள வேலைய வுட்டு எடுத்தாத்தான் சரியாகும். நீங்க எழுதுனா எந்த ஆபீசும் நொம்ப மரியாதையாக் கேக்குமுங்க."

பாராட்டு என்னை அதற்கு முன் அப்படிச் சுட்டதில்லை. தையல் மெஷின் மேல் ஒரு தாளும் பால்பாயின்ட் பேனாவும் வைத்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதல் வரியை 'மேஸ்திரியின் கவனக்குறைவால்' என்றுதான் ஆரம்பித்தேன். வாக்கியம் தடையில்லாமல் வந்தது. அடுத்த வரியும் தயாராக இருந்தது. காலடியில் அந்த மனிதர், தன் வேலைக்கு உலை வைக்கும் கடிதம் எழுதப்படும் கடையிலிருந்து, சட்டி சட்டியாகத் தண்ணீரை மொண்டுகொண்டிருந்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

எழுதியதை மனுதாரருக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். படித்தேன். துளையை அடைக்கச் சொன்னது மேலே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான். மேஸ்திரி கூடாது என்றார். பொறுப்பேற்று எழுதிக் கொடுத்து அடைக்க வைத்தேன். மூன்றே வரி. என் மனுக்களில் உவமையே இல்லாதது அது ஒன்றுதான்.

பாய் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப என்னிடம் நீட்டினார்.

"இதுல கையெழுத்து நான் போடோணுமா, நீங்களாங்க?"

"நான்தானுங்க."

"போடுங்க. போட்டுட்டுக் கடப்பாறைய எடுங்க."

மேஸ்திரியும் நானும் மழையிலேயே அந்தச் செங்கலை உடைத்தோம். அவர் நாலு குத்தில் உடைத்தார். நான் குத்தியது என் கால் விரலை. தண்ணீர் மடமடவென்று உள்ளே இறங்கியது. அடியில் கையை விட்டுச் சக்கையை வாரியவர் கையில் என் இடது செருப்பும் வந்தது. வலது செருப்பை நான் போன வாரமே தூக்கிப் போட்டிருந்தேன்.

செம்மண் காய்ந்தால் கறை போகாது. கூரைத் தண்ணீர் நிறைந்த டிரம்முகளில் பாயும், அவர் மனைவியும், நானும், என் மனைவியும் சட்டைகளை அலசினோம். "ஒத்தச் செருப்புக்கு நாப்பத்திரண்டு சட்டையா?" என்று மட்டும் என் மனைவி கேட்டாள். ஒன்பது சட்டைகள் கடைசிவரை வெள்ளையாகவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் அடிவாரம் இறங்கி, சேலம் போய்த் துணி வாங்கி வந்தேன். பாய் இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தார். பொத்தான் தைக்கிறேன் என்று நானும் உட்கார்ந்தேன். நான் தைத்ததையெல்லாம் பிரித்துவிட்டு, "சார், நீங்க மனுவே எழுதுங்க" என்றார். திங்கட்கிழமைக்கு முன் நாற்பத்திரண்டும் நாகலூர் போய்ச் சேர்ந்துவிட்டன.

மனுவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இஞ்சினியர் இரண்டு முறை படித்துவிட்டு, "வடிகால் வேணும்னு எழுதினதும் இதே கையெழுத்துதானே சார்?" என்றார். மேஸ்திரியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று பிறகு ஒரு நாள் அவரைக் கேட்டேன். "காயிதமே போயிருச்சு. நானாச் சொன்னா யாருங்க நம்புவாங்க? நீங்க படிச்சவரு" என்றார், கோபமே இல்லாமல்.

இப்போதெல்லாம் மழை பிடித்தால் குச்சியோடு இறங்கி, அந்தத் துளையின் வாயில் சேரும் சருகைத் தள்ளிவிடுகிறேன். தண்ணீர் உள்ளே இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு எழுதி அடித்த அந்த முதல் வரி எனக்கு எவ்வளவு சரளமாக வந்தது என்பதுதான் நினைவுக்கு வருகிறது.