படம் மட்டும் பார்த்து அனுப்பிய காளான்

பள்ளிக்கூடம் போகாதவன் நான். ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டியே எழுபது வயதாகிவிட்டது. செல்போனில் ஓவியம், நட்சத்திரம், வெளிநாட்டுப் பறவை என்று எது வந்தாலும், முன்பு சேலை டிசைன் சேர்த்தது போலச் சேர்த்து வைத்து, காலையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். கீழே உள்ள எழுத்து எனக்குத் தெரியாது. படம் அழகாக இருந்தால் போதும்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளைக் காளான் படம் போட்டேன். பாலில் செய்தது போல இருந்தது. சற்று நேரத்தில் தையல்கடை ஸ்டெல்லா போனில் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, அது விசக் காளானுங்க. கீழயே எழுதியிருக்குது. சரசக்கா அதே மாதிரி பறிச்சுக் கொழம்பு வெக்கறேன்னு குழுவுல போட்டிருக்குதுங்க. அடுப்ப அணைக்கச் சொல்லிட்டேன்."

பக்கத்து வீட்டுச் சரசிடம் ஓடினேன். குழம்பைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அனுப்புனா நல்லதாத்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க மாமா" என்றாள்.

நான் போடுவதை ஓர் எழுத்து விடாமல் படிக்கிற ஒரே ஆள் ஸ்டெல்லாதான். இப்போது எதையும் முதலில் அவளுக்கே அனுப்புகிறேன். அவள் படித்துக் குரலில் விவரம் சொல்வாள். அதையும் சேர்த்துத்தான் குழுவில் போடுகிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். இத்தனை நாள் நிலாவைப் படமாக மட்டுமே அனுப்பி வந்தேன். அங்கே காற்றே இல்லை என்பது போன வாரம்தான் தெரிந்தது.